புரையேறும்போதெல்லாம்

என் மனைவிக்கு அப்போது பெரிய குரல். நாங்கள் இருப்பது வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றின் மாடிப் போர்ஷன். கீழே காய்கறி வண்டி வந்து நின்றால் மாடியிலிருந்தே பேரம் பேசுவாள். வண்டி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் பேரம் நடந்துகொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை, கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா என்று கேட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்குகிறவர்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டு வளர்ந்தவளை மெதுவாகப் பேசச் சொன்னால் எப்படி, வேண்டுமானால் நீங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இருபத்தாறு வருஷம் அவள் மெதுவாகப் பேசவில்லை. நானும் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை.

அவள் அங்கன்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகள், எல்லாம் ஐந்து வயதுக்குள். அந்த மையம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஒருநாள் ஒரு குட்டிப் பெண் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, எழுந்து ஓடினால் எட்டாது என்று தெரிந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டாள். குழந்தை அப்படியே நின்றுவிட்டது. போய்க்கொண்டிருந்த பஸ்ஸும் நின்றுவிட்டது என்பாள். பஸ் விஷயத்தை நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு கொண்டுவந்து கொடுக்கிறார்.

நான் கலெக்டர் ஆபீஸில் மனுக்களைப் பதிந்து அனுப்புகிற பிரிவில் இருக்கிறேன். திங்கட்கிழமையானால் ஜில்லா முழுவதும் எங்கள் வாசலில் வந்து நிற்கும். அழுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், மண்ணெண்ணெய் கேனை மறைத்துக் கொண்டுவருகிறவர்கள். இத்தனையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு அங்கேயாவது சத்தமில்லாமல் இருந்தால் தேவலை என்று தோன்றும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேண்டியிருக்கும்.

கழுத்தில் கட்டியை முதலில் பார்த்தது நான் இல்லை. பிள்ளையைக் கூப்பிட வந்த ஒரு அம்மாதான், டீச்சர் சொம்பை அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ மேலும் கீழும் போய்வருகிறது என்று சொல்லியிருக்கிறார். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை. ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சோதனை எல்லாம் முடிந்து, தைராய்டில் கட்டி, சந்தேகமாக இருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். எங்கள் ஊரில் இருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் நிதானமான பெண்மணி. தைராய்டுக்குப் பின்னாலேயே நூல் போல இரண்டு நரம்புகள் போகின்றன, குரலை ஆட்டிவைப்பது அவைதான் என்று தாளில் வரைந்து காட்டினார். ஆபரேஷனின்போது அந்த நரம்புக்குப் பக்கத்தில் போனால் ஒலி எழுப்புகிற மெஷின் ஒன்று இருக்கிறதாம். கட்டியைப் பற்றி, உயிரைப் பற்றி என் மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

"டாக்டர், எனக்குக் கத்தறதுக்குக் குரல் வேணும். பிள்ளைங்க ரோட்டுக்கு ஓடுதுங்க."

"நரம்பைத் தனியா பிரிச்சுப் பாத்துத்தான் வேலை செய்வேன்மா. ஆனா கட்டி அதுமேல ஒட்டிட்டிருந்தா கஷ்டம். முழு வாக்கு என்னால குடுக்க முடியாது" என்றார் டாக்டர்.

குரல்நாண் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூக்கு வழியாகச் சின்னக் காமிராவை விட்டு "ஈ" என்று சொல்லச் சொன்னார்கள். அவள் சொன்ன "ஈ"யில், என்ன ஆச்சோ என்று வெளியிலிருந்து நர்ஸ் ஓடிவந்து கதவைத் திறந்தார். டாக்டரும் சிரித்தார். நான் மட்டும் கூச்சப்பட்டேன். அவள் என்னோடு எங்கு வந்தாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி இடதுபக்க நரம்பின் மேல் ஒட்டியிருந்ததாகவும், பிரித்து எடுத்ததில் நரம்பு அறுபடவில்லை, ஆனால் இழுபட்டிருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். மறுநாள் காலை அவளைப் பேசச் சொன்னார். கரகரவென்று ஏதோ வந்தது. மூச்சுக்குழாய் வைத்ததாலும் இருக்கலாம், சில நாளில் தெளியாவிட்டால் தாமதிக்காமல் வாருங்கள், கத்த வேண்டாம், சாதாரணமாகப் பேசட்டும் என்றார். இதில் என் காதில் ஏறியது "கத்த வேண்டாம்" மட்டும்தான். டிஸ்சார்ஜ் தாளில் எல்லாம் எழுதியிருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றும் சொன்னார். அதை எக்ஸ்ரே கவரில் பத்திரமாக வைத்தேன். ஊரார் மனுவையெல்லாம் கடைசி வரி வரை படித்துக் குறிப்பு எழுதுகிறவன், என் பெண்டாட்டியின் தாளைப் படிக்கவில்லை.

திரும்பி வரும்போது கார் ஊரை நெருங்கி மலை தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கத்தாமல் இருந்தால் நல்லது என்றால் பேசாமலே இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று எனக்குள் ஒரு யோசனை ஓடியது. ஆசிரமம் பக்கம் போனால் சட்டையில் "மௌனம்" என்று அட்டை குத்திக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் கடையில் விரலைக் காட்டி வாழைப்பழம் வாங்குவதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எப்போதும் தெளிவாக இருக்கும். எங்கள் ஊரில் வாயை மூடியவருக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள், குரலை நல்லபடியாகத் திருப்பிக் கொடு, நாற்பத்தெட்டாம் நாள் உன் சன்னதியில் வந்து முதல் வார்த்தை பேசவைக்கிறேன் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் என்னுடையது, வாய் அவளுடையது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வழியில் காரை நிறுத்தி ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கினேன். வீட்டுக்குள் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவள் என்னை முறைத்துப் பார்த்து, முதல் வேலையாக, "யாரைக் கேட்டு வேண்டிக்கிட்டீங்க?" என்று எழுதிக் காட்டினாள். ஆனால் சாமியிடம் சொன்னதைச் சொல்லியாகிவிட்டது. வேண்டுதலை மாற்றுகிற வழக்கம் அவள் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. எழுதியதை அழித்துவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தையலை இங்கேயே ஒரு கிளினிக்கில் பிரித்துக்கொண்டோம். எடுத்த கட்டியில் பயப்பட ஒன்றும் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னார்கள். சாமிக்குச் சூடம் ஏற்றினேன். இரண்டு வாரத்தில் வந்து காட்டச் சொன்னதை நான்தான் தள்ளிப்போட்டேன். அங்கே போனால் "ஈ" சொல்லச் சொல்வார்கள், விரதம் கெட்டுவிடும் என்று பயம். கட்டி பற்றிய கவலை தீர்ந்துவிட்டது, இனி எதற்கு அவசரம் என்றும் நினைத்தேன்.

வீடு அமைதியாகிவிட்டது. அவள் மெடிக்கல் லீவில் இருந்தாள். காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இடையூறில்லாமல் படித்தேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்தவில்லை, துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்டேன் என்று ஒரு வசவு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு தட்டுக் கைதட்டுவாள், சிலேட்டைக் காட்டுவாள். சிலேட்டில் திட்டினால் அது திட்டாகவே இருக்காது. பல்பமும் கையுமாக அவள் எழுதி முடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நாற்பத்தெட்டு நாளில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அவளுக்கு அடிக்கடி புரையேறியது. சொம்பை அண்ணாந்து இரண்டு வாய் தண்ணீர் குடிப்பாள், உடனே மூச்சு முட்டும், கண்ணில் தண்ணீர் வரும், தோளெல்லாம் குலுங்கும். புரையேறினால் யாரும் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். உச்சந்தலையில் தட்டினேன். "பொண்ணு நெனைக்கிறா" என்றேன். எங்களுக்கு ஒரே மகள், சென்னையில் வேலை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அம்மாவை நினைக்கிற அளவுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கம்மியா என்று கிண்டல்கூடச் செய்தேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவாள். அந்த இருமலில்கூடச் சத்தம் இல்லை, காற்றுதான் வந்தது. ஆபரேஷன் செய்த தொண்டை அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

மகள் தினமும் சாயந்திரம் போன் செய்வாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா எதிரில் வைப்பேன். மகள் கேட்பதற்கெல்லாம் அவள் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள், ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. சாப்பிட்டாயா, டங். வலி இருக்கிறதா, டங் டங். முதல் வாரம் மகளுக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒருநாள் சிரிக்கவில்லை.

"அப்பா, ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கப்பா. குரல் எப்படி இருக்குதுன்னு தெரிய வேணாமா?"

இன்னும் பதினேழு நாள்தான், சாமி காரியத்தில் அவசரம் காட்டாதே என்று அதட்டினேன். இன்டர்நெட்டில் படித்ததையெல்லாம் வீட்டில் கொண்டுவராதே என்றும் சொன்னேன். மகள் போனை வைத்துவிட்டாள். டம்ளர் அன்றைக்குப் பேசவில்லை. என் மனைவி ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் பிரதோஷமாக அமைந்தது. இதைவிட நல்ல நாள் எது என்று எனக்கு ஒரே பெருமை. அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, கழுத்துத் தழும்பு தெரியாமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். பெரிய கோயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். நந்திக்கு அபிஷேகம் முடிந்து தீபாராதனை காட்டும்போது நாலா பக்கமும் "அரோகரா" என்று குரல் எழுந்தது. சொல்லு, முதல் வார்த்தை அதுவே ஆகட்டும் என்றேன். அவள் கைகளைத் தலைக்கு மேல் கூப்பி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டத்துச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பவும் வாயைத் திறந்தாள். நான் குனிந்து காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். சூடாகக் காற்று வந்தது, அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியமே இல்லை. அது ஏன் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்ரே கவரைப் பிரித்து அந்தத் தாளைப் படித்தேன். குரல் அடைத்துக்கொண்டாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ உடனே வர வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரே வரியில், அதுவும் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. நான் எத்தனை தடவை அவள் தலையில் தட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் உள்ளே பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே போனோம். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். மண்டலம், மௌனம் என்றெல்லாம் சொன்னேன். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், திட்டவில்லை. காமிரா விட்டுப் பார்த்தார். திரையில் இரண்டு வெள்ளை நாண்கள் தெரிந்தன. "ஈ" சொல்லச் சொன்னபோது ஒன்று நடுவுக்கு ஓடி வந்தது, மற்றொன்று இருந்த இடத்திலேயே நின்றது. ஓடி வந்தது துணையில்லாமல் திரும்பிப் போனது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனது அந்தச் சந்து வழியாகத்தான், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வராமல் இருந்ததே பெரிய விஷயம் என்றார்.

"முன்னாடியே வந்திருந்தா இந்த நரம்பு வேலை செஞ்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனா பயிற்சி அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். தேவைப்பட்டா ஒரு ஊசி போட்டிருக்கலாம். இவங்க ஒவ்வொரு வாய்த் தண்ணிக்கும் இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க வேணாம்."

பிறகு, அசையாத நாணை நடுவுக்குத் தள்ளிவைக்க ஊசி போட்டார்கள். குரல் பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் ஒருமுறை சொல்லிக்கொடுத்தாள். இனி அண்ணாந்து குடிக்கக் கூடாது, தாடையை நெஞ்சோடு ஒட்டி, குனிந்து, டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். எச்சில் பண்ணிக் குடிப்பது என் மனைவிக்கு ஆகவே ஆகாது. முதல் நாள் அப்படிக் குடித்துவிட்டு டம்ளரைத் தனியாகக் கொண்டுபோய் வைத்தாள். இன்றுவரை அந்த ஒரு டம்ளர் சமையலறையில் தனியாகத்தான் இருக்கிறது.

ஒரு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. அசையாத நாண் அசையவே இல்லை, இனி அசையாது என்று சொல்லிவிட்டார்கள். நல்ல பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து வரப் பழகியிருக்கிறது. அதனால் ஒரு குரல் உண்டு. பாதி காற்று, பாதி சொல். மூன்று வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்க வேண்டும். அங்கன்வாடிக்குப் போகிறாள். பிள்ளைகள் பழகிவிட்டார்கள், டீச்சர் ரகசியம் சொல்கிறார் என்று நினைத்துக் கிட்டே ஓடி வருகிறார்கள். கேட்டுக்கு மட்டும் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். ஒரு நாளில் பத்துத் தடவையாவது எழுந்து போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்ப்பாளாம். ஆயாம்மா என்னிடம் சொன்னார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மொட்டை மாடியில் காபியோடு உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு நாளாகச் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன். எல்லாம் என்னாலதான், அந்த வேண்டுதலை நான் வேண்டியிருக்கக் கூடாது என்றேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒன்பதாம் நாளே தெரியும்" என்றாள்.

ஒன்பதாம் நாள் நான் ஆபீஸ் போனதும், சமையலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, எப்போதும் என்னைக் கூப்பிடுகிற மாதிரி "ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாளாம். வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாளாம். பிறகு குழாயை மூடிவிட்டு அரிசி களைந்தாளாம். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

தெரிந்தும் ஏன் எழுதிக் காட்டவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். யார்மேல் கோபம் என்று தெரியவில்லை.

"நடுவுல கலைச்சா... அதனாலதான் போச்சுன்னு ஆயிடும். மண்டலம் முடியற வரைக்கும்... குரல் இருக்குது, நான்தான் பேசலன்னு... நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு அந்த நாளெல்லாம் வேணும்னு இருந்துச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நீங்களும் நிம்மதியா இருந்தீங்க. பேப்பர் படிக்கறப்ப... பாட்டெல்லாம் முணுமுணுத்தீங்க. இத்தினி வருஷத்துல... நீங்க பாடி நான் கேட்டதே இல்ல. கேட்டுக்கிட்டே இருந்தேன்."

நான் பாடியது எனக்கே தெரியாது. அவள் முகத்தில் குறை சொல்கிற பாவனை எதுவும் இல்லை. அவள் குறை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். வீட்டில் என் வாய்க்குள் ஒரு பாட்டு வருவதற்கு அவள் குரல் போக வேண்டியிருந்தது என்பதை ஒன்பதாம் நாளிலிருந்து நாற்பத்தெட்டாம் நாள் வரை அவள் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு நான் முணுமுணுத்ததில்லை. அவள் கேட்டாலும் வராது.

அவள் காபியை எடுத்துக் குடித்தாள். ஏதோ அவசரத்தில் தாடையைத் தாழ்த்த மறந்திருப்பாள், புரையேறிவிட்டது. என் கை தானாக அவள் தலைக்குப் போய், பாதியில் நின்றது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே அந்தக் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள்.

"யாரு நெனைக்கிறாங்க?" என்றாள்.

"நான்தான்."

"பக்கத்துல உக்காந்துக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் வரவில்லை. கைக்குக் கீழே தலை குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.